மெத்தைக்கு அடியில் ஒரு புத்தகம்

1986-ல் அமெரிக்காவில் மூன்று பெண் குழந்தைகள் பிறந்தன. ஒன்று நியூயார்க்கில், தீவிர ஆசாரம் கடைப்பிடிக்கும் யூதக் குடும்பத்தில். இன்னொன்று கான்சாஸ் மாநிலத்தின் டோபீகா நகரில், ஒரு சின்ன தேவாலயத்தையே உலகமாக நினைத்த குடும்பத்தில். மூன்றாவது ஐடஹோ மாநிலத்து மலையடிவாரத்தில். அந்தக் குழந்தைக்கு ஒன்பது வயது வரை பிறப்புச் சான்றிதழே கிடையாது. பிறந்த தேதியைக் கேட்டால் வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

மூவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஆனால் மூவருமே இருபதுகளில் தாங்கள் வளர்ந்த உலகத்தை விட்டு வெளியே வந்தார்கள். அதைப் புத்தகமாக எழுதினார்கள். டெபோரா ஃபெல்ட்மேன் எழுதிய 'அன்ஆர்த்தடாக்ஸ்' 2012-ல் வந்தது. டாரா வெஸ்டோவரின் 'எஜுகேட்டட்' 2018-ல். மேகன் ஃபெல்ப்ஸ்-ரோப்பரின் 'அன்ஃபாலோ' 2019-ல். முதல் புத்தகத்தை நெட்ஃப்ளிக்ஸ் 2020-ல் நான்கு எபிசோட் தொடராக எடுத்தது. லாக்டவுன் நேரத்தில் நம்மில் பலர் அதைப் பார்த்திருப்போம். தலை மழிக்கப்படும் அந்த இளம் மனைவியை மறக்க முடியுமா?

இந்த மாதிரிக் கதைகளைப் பற்றி நமக்குள் ஒரு டெம்ப்ளேட் இருக்கிறது. கட்டுப்பெட்டியான வீடு, தடை செய்யப்பட்ட ஒரு புரட்சிப் புத்தகம், ராத்திரியோடு ராத்திரியாக அதைப் படித்தல், காலையில் கண் திறத்தல், கதவை உடைத்து வெளியேறுதல். மூன்று புத்தகங்களையும் அடுத்தடுத்து படித்தபோது எனக்கு அந்த டெம்ப்ளேட் சரியாகப் பொருந்தவில்லை. இவர்களுக்குச் சந்தேகம் வந்தது வெளியிலிருந்து வந்த புத்தகத்தால் மட்டுமல்ல. வீட்டிலேயே, பூஜை அறை போல வைத்துக் கொண்டாடிய அதே புத்தகத்தாலும்தான்.

டெபோராவில் தொடங்குகிறேன். அவர் வளர்ந்தது புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில், சத்மார் என்ற ஹசிடிக் யூதப் பிரிவில். இரண்டாம் உலகப்போரில் நாஜிகளிடமிருந்து பிழைத்து வந்த ஹங்கேரி, ருமேனியா பகுதி யூதர்கள் நியூயார்க்கில் மறுபடி கட்டியெழுப்பிய சமூகம் அது. அவர்களின் குரு யோயல் டைட்டல்பாம் 1946-ல் அங்கே வந்து சேர்ந்தார். சுற்றியிருந்த நவீன உலகத்தோடு யூதர்கள் கலந்ததற்குக் கடவுள் கொடுத்த தண்டனைதான் அந்தப் பேரழிவு என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி நம்பினால் என்ன ஆகும்? பாவாடையின் நீளம், வீட்டில் பேசும் மொழி, கையில் இருக்கும் கதைப்புத்தகம் எல்லாமே உயிர் போகிற விஷயமாகிவிடும். அந்தக் கெடுபிடியை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் துக்கத்தைப் பார்க்காமல் அவர்களை வில்லன்களாக மட்டும் பார்ப்பது நியாயமில்லை என்று தோன்றுகிறது. டெபோராவும் தன்னை வளர்த்த தாத்தா பாட்டியை அப்படி எழுதவில்லை. பாட்டியின் சமையலறை வாசனைக்கு அவர் கொடுத்திருக்கும் பக்கங்களே அதற்குச் சாட்சி.

தாத்தாவுக்கு ஆங்கிலம் அசுத்தமான மொழி. வீட்டில் யித்திஷ் மட்டும்தான். டெபோராவோ பொது நூலகத்திலிருந்து ஆங்கிலக் கதைகளைக் கொண்டுவந்து மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்தார். ரோல்டு டாலின் 'மட்டில்டா', ஜேன் ஆஸ்டின் என்று ஒரு தனி உலகம். அவை அவருக்குத் துணையாக இருந்தன, ஏக்கத்தைக் கொடுத்தன. ஆனால் அவரை உண்மையில் உலுக்கியது வேறு ஒரு புத்தகம். தால்முத்.

யூத மதச் சட்டங்களுக்கும் விவாதங்களுக்கும் ஆதாரமான தால்முத்தை அந்தச் சமூகத்தில் ஆண்கள்தான் படிப்பார்கள். பெண் தொடக்கூட வேண்டியதில்லை. டெபோரா அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை ரகசியமாக வாங்கி வந்து படித்தார். தாவீது ராஜாவைப் பற்றி அதில் படித்தபோது தூக்கிவாரிப்போட்டது. பள்ளியில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த தாவீது ஒரு மாசும் இல்லாத மகான். இங்கே இருந்த தாவீதுக்குப் பல மனைவிகள். பத்சேபா என்ற பெண்ணை அடைவதற்காக அவள் கணவனைப் போர்முனைக்கு அனுப்பிச் சாகவைத்த கதையும் இருந்தது. பெரியவர்கள் சொன்னதும் பெரியவர்களின் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றில்லை என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அவரால் எதையும் அப்படியே விழுங்க முடியவில்லை.

ஆங்கில நாவலைத் தடுக்கலாம், வீட்டைச் சோதனை போடலாம். சொந்த வேதத்தை ஒருத்தி கவனமாகப் படிப்பதை எப்படித் தடுப்பது?

மேகனின் கதையில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரிகிறது. அவர் வளர்ந்த வெஸ்ட்போரோ பாப்டிஸ்ட் சர்ச் 1955-ல் அவருடைய தாத்தா ஃப்ரெட் ஃபெல்ப்ஸ் தொடங்கியது. பெயரில் பாப்டிஸ்ட் இருக்கிறதே தவிர எந்த பாப்டிஸ்ட் அமைப்போடும் தொடர்பு கிடையாது. மற்ற சபைகள் அவர்களைக் கண்டித்தன. உறுப்பினர்களில் பெரும்பாலானோர் அந்த ஒரே குடும்பம். அவர்களின் முழுநேர வேலை, தெருவில் பலகை பிடிப்பது. ஓரினச்சேர்க்கையாளர்களைக் கடவுள் வெறுக்கிறார், யூதர்களை வெறுக்கிறார், அமெரிக்காவையே வெறுக்கிறார் என்று எழுதிய பலகைகள். போரில் இறந்த ராணுவ வீரர்களின் இறுதிச்சடங்குக்குப் பக்கத்தில் போய் நின்று, 'இதுவும் கடவுளின் தண்டனை' என்று பாடுவார்கள். மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் வழக்குப் போட, அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011-ல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சர்ச்சுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பேச்சுச் சுதந்திரம் என்றால் இதுவும் சேர்த்துத்தான் என்றது நீதிமன்றம்.

மேகன் முதன்முதலாகப் பலகை பிடித்தபோது வயது ஐந்து.

இந்தக் குடும்பத்தில் ஒரு வினோதம் உண்டு. பிள்ளைகள் சாதாரண அரசுப் பள்ளிக்குப் போனார்கள், நாவல்கள் படித்தார்கள், சினிமா பார்த்தார்கள். பலர் சட்டம் படித்து வக்கீலானார்கள். உலகத்தை அவர்கள் மறைக்கவில்லை. உலகத்தில் இருப்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். பைபிள் வசனங்கள் நுனிநாக்கில் இருக்கும். யார் எந்தக் கேள்வி கேட்டாலும் அதிகாரம், வசன எண்ணோடு பதில் வரும். 2009-ல் மேகன் ட்விட்டருக்கு வந்ததே அந்த வேலைக்காகத்தான். செல்வாக்குள்ள யூதர் ஒருவரைத் தேடிப் பிடித்து வம்பிழுத்தார். ஜெருசலேமில் இருந்து 'ஜூவிலிஷியஸ்' என்ற வலைப்பூவை நடத்திய டேவிட் அபிட்போல் அவர்.

ட்விட்டர் சண்டையில் மனம் மாறிய ஆளை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் எனக்கே இந்தக் கதையின் இந்தப் பகுதியை நம்பக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அபிட்போல் முதலில் கிண்டலாகத்தான் பதில் சொன்னார். பிறகு நிஜமாகவே கேள்வி கேட்க ஆரம்பித்தார். அவளும் கேட்டாள். மாதக்கணக்கில் அது ஒரு பேச்சாக மாறியது. அவர் நடத்திய விழாவுக்கு எதிராக மேகன் பலகை பிடிக்கப் போனபோது, அபிட்போல் வெளியே வந்து அவரோடு நின்று பேசினார். இன்னொரு போராட்டத்தில் இருவரும் தின்பண்டம் பரிமாறிக்கொண்டார்கள். இவர் ஜெருசலேமிலிருந்து இனிப்பு கொண்டுவந்தார். அவர் யூத உணவு விதிப்படி தயாரான சாக்லேட் வாங்கி வந்திருந்தார். கையில் யூதர்களைக் கடவுள் வெறுக்கிறார் என்ற பலகை, இன்னொரு கையில் அந்த யூதருக்காகத் தேடி வாங்கிய சாக்லேட்! மேகன் இந்தக் காட்சியைச் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கு அதில் ஒரு பெண் இரண்டாகக் கிழிந்துகொண்டிருப்பது தெரிகிறது.

அபிட்போல் கேட்டது என்ன? ஓரினச்சேர்க்கையாளர்களுக்கு மரண தண்டனை கேட்கும் ஒரு பலகை சர்ச்சில் இருந்தது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிந்து கொல்ல வந்த கூட்டத்திடம் இயேசு என்ன சொன்னார் என்று அவர் நினைவூட்டினார். நாங்கள் கல்லெறியவில்லை, பிரசங்கம்தானே செய்கிறோம் என்றார் மேகன். அரசாங்கத்தைக் கல்லெறியச் சொல்கிறீர்களே, அது என்ன என்று கேட்டார் அபிட்போல். அதோடு விடவில்லை. மேகனின் அம்மாவுக்கே கல்யாணத்துக்கு முன் ஒரு குழந்தை பிறந்திருந்தது. இதே கணக்கில் அவருக்கும் மனந்திரும்ப வாய்ப்புக் கிடைத்திருக்காதே என்றார்.

ஒரு யூதர், ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்கு அவளுடைய பைபிளையே எடுத்துக் காட்டுகிறார். மேகனிடம் பதில் இல்லை. அம்மாவிடம் கேட்டார், அங்கும் இல்லை. அந்தப் பலகையை மட்டும் கையில் எடுப்பதை நிறுத்திவிட்டார். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. வெளியே பார்த்தால் எதுவுமே மாறவில்லை. மற்ற பலகைகள் எல்லாம் கையில்தான் இருந்தன.

இப்படித்தான் நடக்கும் போலிருக்கிறது. முதலில் ஒரே ஒரு பலகை. பிறகு சர்ச்சுக்குள் ஆண் மூப்பர்கள் அதிகாரத்தைக் கையில் எடுத்து அம்மாவை ஓரங்கட்டியபோது இன்னொரு விரிசல். ட்விட்டரில் பழக்கமான ஒருவர், தெற்கு டகோடாவில் இருந்த வழக்கறிஞர், செல்போனில் வார்த்தை விளையாட்டு ஆடிக்கொண்டே, துக்கத்தில் இருக்கும் குடும்பத்தைக் குத்துவது எந்த வகையில் நல்லது என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். 2012 நவம்பரில் மேகனும் தங்கை கிரேஸும் வீட்டை விட்டு வெளியேறினார்கள். மேகனுக்கு 26 வயது.

அந்த நாளின் விலை என்ன என்பதை இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பிடிக்காத ஒரு கட்சியிலிருந்து ராஜினாமா செய்வது போன்றதல்ல இது. வெளியேறியவரோடு பேசக்கூடாது என்பது சர்ச்சின் விதி. மேகனே அதற்கு முன் வெளியேறிய அண்ணனோடு பேசாமல் இருந்தவர்தான். விதி அவருக்குத் தெரியும். அந்த ஒரு மதியத்தில் அம்மா, அப்பா, தம்பி தங்கைகள், சித்திகள், சேர்ந்து வளர்ந்த தோழிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனார்கள். அத்தனை பேரும் உயிரோடு, அதே ஊரில், அதே தெருவில் இருந்தார்கள்.

நாம் 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்று எரிச்சலோடு சொல்கிறோம். கடைசியில் தூக்கிப்போகவும் நாலு பேர் வேண்டும் என்றும் சொல்கிறோம். ஏச்சுக்கும் தோளுக்கும் ஒரே நாலு பேர்தான். இறுக்கமான மதக் குழுக்களின் உண்மையான பிடி இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நரகத்தைக் காட்டிப் பயமுறுத்துவதெல்லாம் பிறகு. பிள்ளைப்பேற்றுக்கு யார் சமைத்துக் கொண்டுவருவார்கள், காய்ச்சல் வந்தால் யார் கதவைத் தட்டுவார்கள் என்பதற்கு அந்தக் குழு ஒன்றுதான் பதில். நட்பையும் உறவையும் மொத்தமாக ஒரே கடையில் வாங்கப் பழக்கிவிடுகிறார்கள். கடையை விட்டு வெளியே வந்தால் கையில் சில்லறை இருக்காது.

டெபோரா 2009-ல் மகனோடு வெளியேறியபோது இதைத்தான் அனுபவித்தார். 17 வயதில் பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம், 19 வயதில் குழந்தை. கணவரிடம் தொழில் சம்பந்தமான படிப்பு என்று சொல்லிவிட்டு சாரா லாரன்ஸ் கல்லூரியில் இலக்கியம் பக்கம் போனவர். வெளியே வந்த பிறகு, எந்த உடுப்பு எங்கே போடுவது, யாரோடு எவ்வளவு பேசுவது என்பதையெல்லாம் பெரியவளாகக் கற்க வேண்டியிருந்தது. இதற்காகவே நியூயார்க்கில் 2003 முதல் 'ஃபுட்ஸ்டெப்ஸ்' என்ற அமைப்பு இயங்குகிறது. ஆசார யூதச் சமூகங்களிலிருந்து வெளியே வருகிறவர்களுக்குப் படிப்பு, வேலை, சட்ட உதவி, அதோடு தங்களைப் போலவே வெளியே வந்தவர்களோடு உட்கார்ந்து பேச ஓர் இடம். கடைசியாகச் சொன்னதுதான் மற்ற மூன்றையும் தாங்கிப் பிடிக்கிறது என்று எனக்குப் படுகிறது.

டாராவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் ஒரு தோழியால் வருவதுதான். அவருடைய அப்பா அரசாங்கம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் மூன்றையும் நம்பாதவர். மார்மன் நம்பிக்கைதான், ஆனால் மற்ற மார்மன்களே வியக்கும் அளவுக்குத் தனி வழி. தன் கதையை மார்மன் மதத்தைப் பற்றிய கதையாகப் படிக்காதீர்கள் என்று டாரா புத்தகத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அவர் முதன்முதலில் ஒரு வகுப்பறைக்குள் கால் வைத்தது 17 வயதில், அதுவும் நேராகப் பல்கலைக்கழகத்தில். கலை வரலாற்று வகுப்பில் இத்தனை பக்கங்கள் படித்துவிட்டு வாருங்கள் என்றால், படங்களை மட்டும் பார்த்துவிட்டு வருவார். தேர்வில் தோற்றார். கூடப் படித்த பெண் ஒருத்தி, அந்தப் பக்கங்களில் இருக்கும் எழுத்துகளையும் வாசிக்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான் பாடப்புத்தகம் என்றால் என்னவென்றே புரிந்தது. இத்தனைக்கும் அதே வகுப்பில் ஹோலோகாஸ்ட் என்றால் என்ன என்று கைதூக்கிக் கேட்டபோது, டாரா வேண்டுமென்றே கிண்டல் செய்கிறார் என்று நினைத்து முகம் சுளித்தவளும் இதே பெண்தான். 2014-ல் டாரா கேம்பிரிட்ஜில் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கினார். வீட்டில் வேத நூல்களைத் தவிர அதிகம் இல்லை. ஆனால் புரியாத ஒன்றை விடாமல் வாசிக்கும் பொறுமை அந்தப் பழைய வேத நூல்களோடு மல்லுக்கட்டியதில்தான் வந்தது என்கிறார் அவர்.

அப்புறம், இந்த நம்பிக்கை என்ன ஆகிறது?

வெளியே வந்தவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி 'இப்போ சாமி கும்பிடுறீங்களா இல்லையா?' என்பதுதான். ஆம், இல்லை என்று அவர்களால் சொல்ல முடிந்தாலும் விஷயம் அதோடு முடிவதில்லை. பைபிள் பிழையே இல்லாத நூல் என்ற நம்பிக்கை இப்போது மேகனுக்கு இல்லை. ஆனால் 'அன்ஃபாலோ'வில் பக்கத்துக்குப் பக்கம் வசனங்கள் வருகின்றன. அவர் சிந்திக்கும் மொழியே அதுதான். டெபோரா ஆசாரத்தை விட்டுவிட்டார். 2014-ல் பெர்லினுக்குக் குடிபோனார். தாத்தா வீட்டு யித்திஷ் ஜெர்மனுக்கு நெருங்கிய சொந்தம். இன்று அவர் ஜெர்மன் மொழியிலேயே புத்தகங்கள் எழுதுகிறார். அந்த வீட்டில் ஆங்கிலத்துக்கு இடம் கொடுக்காமல் காப்பாற்றிய மொழி, யாரும் எதிர்பார்க்காத ஊரில் அவருக்குச் சோறு போடுகிறது.

மேகன் வெளியேறிய சில மாதங்களில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க மனமில்லை. அபிட்போல் அக்காவையும் தங்கையையும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அழைத்தார். அங்கே அவர்கள் தங்கியது ஒரு ஹசிடிக் ரபி வீட்டில். மனைவி, நான்கு குழந்தைகள், வரவேற்பறை சோஃபாவில் படுக்கை. மூன்று வருடத்துக்கு முன் மேகன் போய்க் கேவலமான பலகை பிடித்தது இதே ரபிக்கு எதிராகத்தான். அதைப் பற்றி அவர்கள் குத்திக்காட்டவில்லை. யூத உணவு விதிகள் பார்க்கும் அந்தச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டும் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டும் மணிக்கணக்கில் மதத்தைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் பேசினார்கள். தன் தப்புக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைக்கும் என்று மேகனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கவனித்தீர்களா? டெபோரா மூச்சுமுட்டி ஓடிவந்ததும் ஒரு ஹசிடிக் வீட்டிலிருந்துதான். வேறு பிரிவு, வேறு ஊர், வேறு மனிதர்கள் என்றாலும் அதே தொப்பி, அதே தாடி, அதே விதிகள் கொண்ட சமையலறை. ஒருத்திக்குப் பூட்டாக இருந்தது இன்னொருத்திக்கு அடைக்கலமாக இருந்திருக்கிறது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எப்படிச் சமாதானமாகச் சொல்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டுமே நிஜம்.

வார்த்தை விளையாட்டு ஆடிய அந்த வழக்கறிஞர்? அவரைத்தான் மேகன் திருமணம் செய்துகொண்டார்.

மூன்றில் எதை முதலில் படிப்பது என்று கேட்டால், தொடரைப் பார்த்தவர்களும் 'அன்ஆர்த்தடாக்ஸ்' புத்தகத்தைப் படிக்கலாம். தொடரில் வரும் பெர்லின் பகுதி கற்பனை, புத்தகத்தில் இருப்பது அவர் வாழ்ந்தது. 'எஜுகேட்டட்' வேகமாக ஓடும், ஆனால் வீட்டுக்குள் நடக்கும் வன்முறை வரும் இடங்கள் கனமானவை, மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். எனக்கென்னவோ 'அன்ஃபாலோ'வில் தொடங்கலாம் என்று தோன்றுகிறது. நீளம் கொஞ்சம் கூடுதல், நடுவில் வசனங்கள் அதிகம். அம்மாவைப் பற்றிய பக்கங்களை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். உலகமே வெறுத்த ஒரு பெண்மணியை இவ்வளவு அன்போடு எழுத அவருடைய மகளால் மட்டும்தான் முடியும்.